மருந்துக் கடையின் காவல்

சுங்குவார்சத்திரத்தின் பெயர் 2025-ம் வருஷம் அக்டோபரில் தேசமெங்கும் துக்கத்துடன் உச்சரிக்கப்பட்டது. அங்கே தயாரான கோல்ட்ரிஃப் என்னும் இருமல் மருந்தில், 0.1 சதவிகிதத்திற்கு மேல் இருக்கலாகாத டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவிகிதம் இருந்ததாகத் தமிழ்நாட்டு அதிகாரிகள் கண்டனர். மத்தியப் பிரதேசத்தில், முக்கியமாகச் சிந்த்வாரா ஜில்லாவில், இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். ஆலையின் லைசென்ஸ் ரத்தாயிற்று. அது நியாயமே. ஆயினும் ஆலை வாசலை மட்டும் காத்தால் போதும் என்று எண்ணுவது பிசகு.

அதே வட்டாரத்து ஆலைகளில் ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் விடுதிகளில் தங்கி வேலை செய்கின்றனர். முகப்பரு அவர்கள் வயதிற்கு இயல்பான உபாதை. அது கடுமையாகும்போது ஐசோட்ரெட்டினாயின் என்னும் மருந்து கைகண்ட பலன் தருகிறது. அதை நாம் நிந்திக்கவில்லை. ஆனால் கர்ப்பவதி உட்கொண்டால் சிசுவின் மூளையும் இருதயமும் முகமும் ஊனமுறக்கூடும். இருமல் மருந்தில் இருந்தது மருந்தின் பெயர் பூண்ட விஷம். இதுவோ அசல் மருந்து. கொடுக்கும் முறை தவறினால் விஷமாகிறது. முன்னதைப் பரிசோதனைச்சாலை காட்டிக்கொடுக்கும். பின்னதைக் கடைசியாகத் தடுக்கக்கூடியவர் கடையில் நிற்கும் மருந்தாளுநரே.

1948-ம் வருஷத்துப் பார்மஸி சட்டத்தின்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் அதிகாரம் பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே உண்டு. நடப்பது என்ன? எத்தனையோ கடைகளில் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது, அதற்குரியவரைக் காணோம். பழைய அட்டையைக் காட்டினால் விற்பனைப் பையன் புதிய அட்டையை எடுத்து நீட்டுகிறான். “நாங்கள் மறுத்தால் அடுத்த கடையில் வாங்குவார்கள்” என்பது வியாபாரிகள் கூறும் சமாதானம். அடுத்த கடையும் மறுக்கும்படி செய்வதற்கன்றோ சர்க்கார் இருக்கிறது!

மருந்தாளுநர் செய்ய வேண்டுவது அதிகமன்று. சீட்டைப் பார்க்க வேண்டும். கர்ப்பப் பரிசோதனை ஆயிற்றா என்று, பிறர் காதில் விழாமல், மரியாதையுடன் கேட்க வேண்டும். டெட்ராசைக்ளின் வகை மருந்தோ, வைட்டமின் ஏ மாத்திரையோ உடன் சாப்பிடலாகாது, பிறருக்குப் பகிர்ந்து கொடுக்கலாகாது, ரத்ததானம் செய்யலாகாது என்று சொல்ல வேண்டும். ஒரு மாதத்திற்கு மேல் கொடுக்கலாகாது. அமெரிக்காவில் 2006 முதல் டாக்டர், நோயாளி, மருந்துக்கடை மூவரும் பதிவு செய்துகொண்டாலொழிய இம்மருந்து கைமாறாது.

நம் நாட்டில் சில மருந்துகளின் விற்பனைக்கு, டாக்டர் பெயரும் நோயாளி பெயரும் எழுதி மூன்று வருஷம் காக்க வேண்டிய தனிப் பதிவேடு ஏற்கெனவே உண்டு. ஐசோட்ரெட்டினாயினையும் அவ்வரிசையில் சேர்க்க வேண்டும். எச்சரிக்கையைத் தமிழிலும் அச்சிட வேண்டும். மருந்தாளுநர் இல்லாத நேரத்தில் சீட்டு மருந்து விற்கும் கடையை இன்ஸ்பெக்டர்கள் தயவின்றித் தண்டிக்க வேண்டும். குழந்தைகளைப் பறிகொடுத்த பின் விழிப்பது சர்க்காருக்கு அழகன்று. பிறவாத சிசுக்களுக்காகவேனும் முன்கூட்டி விழிக்கட்டும்.