கேஷைத் தினமும் துடைக்காதீர்கள்

"கேஷ் என்பதே குப்பை, தினமும் அழித்தால்தான் கணினி வேகமாக ஓடும்" என்ற வாதம் தவறு. இறக்கிய படங்களையும் எழுத்துருக்களையும் பிரவுசர் சேமித்து வைப்பதே, அடுத்தமுறை பக்கம் சட்டென்று திறக்கத்தான். அழித்தால் அத்தனையும் மறுபடி இறங்கும். டேட்டாவும் வீண், நேரமும் வீண். சில நாளில் அதே இடம் மீண்டும் நிரம்பிவிடும்.

வட்டில் இடம் வேண்டுமா? எது அடைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். உபுண்டுவில் ஆப்ட்-கெட் மூலம் நிறுவிய மென்பொருள்களின் டெப் நிறுவல் கோப்புகள் ஆப்ட்-கெட்டின் கேஷிலேயே தங்கிக் கிடக்கும். 'ஆப்ட்-கெட் கிளீன்' கட்டளை அவற்றை நீக்கும். நிறுவிய மென்பொருளுக்கு ஒன்றும் ஆகாது. விண்டோஸில் பதிப்பு மாற்றியதும் 'விண்டோஸ்.ஓல்ட்' கோப்புறை பல ஜிபி பிடிக்கும். பழைய பதிப்புக்குத் திரும்பப் போவதில்லை என்றால் டிஸ்க் கிளீனப்பில் நீக்கிவிடலாம். இவற்றை விட்டுவிட்டுத் தினமும் பிரவுசரைத் துடைப்பதால் எந்தப் பயனும் இல்லை.