முதல்ல ஈ வளர்த்துப் பாருங்க!

பச்சோந்தி வளர்க்க ஆசைப்படுகிற நண்பர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். உங்களுக்கு ஈ வளர்க்கத் தெரியுமா?

சிரிக்காதீங்க, சீரியஸாகத்தான் கேட்கிறேன். இன்ஸ்டாவைத் திறந்தால் இப்போது இந்த மாதிரி ரீல்ஸ் நிறைய வருகிறது. கூண்டுக்குள் ஒரு ஈ பறக்கும். பச்சோந்தியின் இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழன்று, பிறகு ஒரே இடத்தில் வந்து நிற்கும். சடார்னு நாக்கு பாயும், ஈ காலி. உடனே கடைசி பெஞ்சில் இருந்து, "மச்சி, நாமளும் ஒண்ணு வாங்கலாம்டா" என்று ஒரு குரல். அந்தக் குரலுக்குத்தான் இந்தக் கட்டுரை.

அந்த நாக்கைப் பார்த்து மயங்குவதில் தப்பே இல்லை. மெக்கானிக்கல்காரர்கள் கவனிக்க: 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு குட்டி ஆப்பிரிக்கப் பச்சோந்தியின் நாக்கு புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 264 மடங்கு வரை முடுக்கம் பெறுவதை அளந்திருக்கிறார்கள். வெறும் தசையால் இது முடியாது. நாக்குக்குள் இருக்கும் மீள்தன்மையுள்ள திசு, வில்லை இழுத்துப் பிடித்த மாதிரி ஆற்றலைச் சேர்த்து வைத்து ஒரே வீச்சில் விடுகிறது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வின்படி, நாக்கு நுனியில் இருக்கும் கோழை மனித எச்சிலைவிட சுமார் 400 மடங்கு பிசுபிசுப்பானது. சிக்கினால் தப்பிக்க வழியே இல்லை.

இவ்வளவு பெரிய ஏற்பாடு அசையாமல் கிடக்கும் பொருளுக்காக உருவானதல்ல. செத்த ஈயைத் தட்டில் வைத்தால் பச்சோந்தி பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால்தான் ஏமன், மடகாஸ்கர் பச்சோந்திகளை வீட்டில் வளர்க்கும் அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் உயிருள்ள பூச்சிகளைக் கொடுக்கிறார்கள். சுவர்க்கோழிப் பூச்சிதான் அங்கே தினசரிச் சாப்பாடு. ஆனால் சாப்பிடாமல் விட்ட சுவர்க்கோழி, ராத்திரி தூங்கும் பச்சோந்தியையே கடித்து வைக்கும். வீட்டு ஈ கடிக்காது. அது பறப்பதால் பச்சோந்தியும் கிளைக்குக் கிளை ஏறி, குறி பார்த்து, உடம்பை அசைத்துச் சாப்பிடும். கூண்டுக்குள் இருக்கும் பிராணிக்கு அதுதான் வேலை, அதுதான் விளையாட்டு. ஆக, இந்த விஷயத்தில் நானும் ஈ கட்சிதான்.

பிரச்சினை, எந்த ஈ என்பதில் இருக்கிறது.

அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு நாம் செய்யப்போவது என்ன? ரெக்கார்டு நோட்டில் செய்வதைத்தான். ஈயடிச்சான் காப்பி! "ஈதானே, மெஸ்ஸுக்குப் பின்னாடி போனா கிலோ கணக்கில் கிடைக்கும்" என்று டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். வீடியோவில் இருப்பதும் ஈ, குப்பைத்தொட்டியில் இருப்பதும் ஈ. பார்க்க ஒன்றுதான். ஆனால் அங்கே காட்டுவது சுத்தமான தீனியில் வளர்த்த ஈ. குப்பைத்தொட்டி ஈ எதன்மேல் உட்கார்ந்துவிட்டு வந்தது என்று யாருக்குத் தெரியும்? கிருமிகளையும் ஒட்டுண்ணிகளின் முட்டைகளையும் அது காலிலும் வயிற்றிலும் சுமந்து வரும். அதைவிட ஆபத்து மருந்து. சுலபமாகக் கையில் சிக்கும் மந்தமான ஈ, பூச்சிமருந்து அடித்ததால் மந்தமாகியிருக்கலாம். அந்த மருந்து அடுத்துப் போய்ச் சேரும் இடம் பச்சோந்தியின் வயிறு.

சி புரோகிராமிங் முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள், தப்பான இன்புட் கொடுத்தால் தப்பான அவுட்புட்தான் வரும் என்று. இங்கேயும் அதே கதை. ஈ என்பது தீனி மட்டும் அல்ல, ஒரு பாத்திரம். அதற்குள் நீங்கள் என்ன போட்டீர்களோ அதுதான் பச்சோந்திக்குப் போகும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள், கூண்டில் விடுவதற்கு முன்னால் ஈக்களுக்கே விருந்து வைக்கிறார்கள். பால் பவுடர், சர்க்கரை, தேன், மகரந்தம் என்று மெனு போகும்.

அப்படியும் ஒரு குறை மிச்சம் இருக்கும். பெரும்பாலான பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. இதை மட்டுமே தின்று வளரும் பச்சோந்தியின் உடம்பு, கால்சியத்துக்காகத் தன் எலும்பையே கரைக்கத் தொடங்கும். தாடை மெத்தென்று ஆகும், கால் வளையும், கிளையைப் பிடிக்கப் பிடி இருக்காது. கடைசியில் நாக்கையே சரியாக வீச முடியாது. எந்த நாக்குக்காக அதை வாங்கினோமோ, அந்த நாக்கு! இது ஒரே நாளில் வருவதில்லை. மாதக்கணக்கில் சத்தமில்லாமல் வரும். பச்சோந்தி நாய் மாதிரி முனகாது, பூனை மாதிரி கத்தாது. அந்தக் கூண்டு ரீல்ஸில் அப்போதும் அழகாகத்தான் தெரியும்.

இதைத் தடுக்க வழி இருக்கிறது. ஈக்களைச் சில நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் குளிரில் மந்தமாகிவிடும். அப்போது கால்சியம் பவுடரைத் தூவி, கூண்டில் விட வேண்டும். புற ஊதா பி விளக்கும் வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கால்சியம் உடம்பில் சரியாகச் சேராது. பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவில் இயல்பாகவே கால்சியம் அதிகம் என்பதால் அதையும் கொடுக்கிறார்கள். குட்டிப் பச்சோந்தி என்றால் வீட்டு ஈ வாய்க்குப் பெரிது. அதற்குப் பறக்க முடியாத பழ ஈ, அதுவும் தினமும் டஜன் கணக்கில். செமஸ்டர் பரீட்சை நாளிலும், தீபாவளிக்கு ஊருக்குப் போகும் நாளிலும் அதே டஜன்தான்.

"அப்போ ஈயோட உயிர் உயிர் இல்லையா?" என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. பச்சோந்திக்குப் பூச்சி தின்னாமல் வாழ வழி இல்லை, அதை நாம் மாற்ற முடியாது. ஆனால் பச்சோந்தியைக் கூண்டில் வைப்பது நம் முடிவு. காட்டில் அந்த ஈயின் சாவுக்கு யாரும் பொறுப்பில்லை. கூண்டுக்குள் நாமே பொறுப்பு. பொழுதுபோக்குக்காக ஒரு பிராணியை வாங்கி, அதற்காக ஆயிரக்கணக்கான ஈக்களைச் சாகவிட்டு, கடைசியில் அந்தப் பிராணியையும் கால்சியம் இல்லாமல் சாகவிட்டால், எல்லா உயிரும் வீண்தானே?

சரி, கடையில் வாங்க வேண்டாம், வேலியிலேயே பிடித்துவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதை அதுதான். இந்தியாவில் இயற்கையாக இருக்கும் பச்சோந்தி இனம் ஒன்றே ஒன்று. அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. பிடிப்பது, வீட்டில் வைப்பது, விற்பது எல்லாமே குற்றம். வெளிநாட்டு இனமும் அவ்வளவு சுலபம் இல்லை. ஏமன், மடகாஸ்கர் பச்சோந்திகள் சைட்ஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2022-இல் திருத்திய சட்டப்படியும் 2024-இல் வந்த விதிகளின்படியும், அவற்றை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பேப்பர் எதுவும் கேட்காமல் ஒருவர் பச்சோந்தி தருகிறார் என்றால், அது எப்படி வந்தது என்று யோசியுங்கள்.

எனவே என் யோசனை இதுதான். பச்சோந்திக்கு முன்னால் ஒரு மாதம் ஈ வளர்த்துப் பாருங்கள். வீட்டு ஈ வேண்டாம், ரூம்மேட் உங்களை வெளியே தள்ளிவிடுவான். பழ ஈ போதும். ஒரு பாட்டில், நன்றாகக் கனிந்த வாழைப்பழம், வாயில் கட்ட மெல்லிய துணி. முட்டையில் இருந்து ஈயாக ஏறக்குறைய 10 முதல் 12 நாள். பூஞ்சை பிடிக்காமல், காய்ந்துபோகாமல், ஒரு தலைமுறை முடிவதற்குள் அடுத்த பாட்டிலைத் தயார் செய்து, மூன்று தலைமுறை ஓட்டிக் காட்டுங்கள். செலவு ஒரு டீ, வடைக் காசுதான். நடுவில் சலித்துப்போனால் நஷ்டம் ஒரு வாழைப்பழம். பச்சோந்தியை வாங்கிய பிறகு சலித்துப்போனால் நஷ்டம் ஓர் உயிர்.

ஒரு மாதம் தாண்டியவர்கள் சட்டப்படி அடுத்த படிக்குப் போகலாம். தாண்டாதவர்களும் கவலைப்பட வேண்டாம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது முள்ளுக்காட்டுப் பக்கம் பொறுமையாகப் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் அங்கே ஒரு பச்சோந்தி இலையோடு இலையாக உட்கார்ந்திருக்கும். தள்ளி நின்று பார்த்தால் போதும். அதற்கு நாம் ஈ பிடித்துத் தர வேண்டியதில்லை. தன் ஈயை அதுவே பிடித்துக்கொள்ளும்.