உள்ளூர்ப் பியர்

பணி நிமித்தம் வெளிநாடு செல்லும் நம்மவர்களில் ரசப்பொடியும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு போய் அறைக்குள்ளேயே ஊரை முடித்துக்கொள்பவர்கள் ஒரு வகை. விமான நிலையக் கடையில் ஸ்காட்ச் வாங்கிக்கொண்டு அதே அறைக்குள் முடித்துக்கொள்பவர்கள் இன்னொரு வகை. நான் ரசப்பொடிக்காரனாகத்தான் ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் போனேன். என் சித்தப்பாவைக் குடி கொண்டுபோயிற்று. அந்த வீட்டில் வளர்ந்தவன் எழுதுவது இது. குடிக்கு அளிக்கும் சிபாரிசாக எவரும் வாசிக்க வேண்டாம்.

கொலோனின் பியருக்குப் பெயர் கோல்ஷ். அந்நகரத்துப் பேச்சுமொழிக்கும் அதுவே பெயர். குடிக்கக்கூடிய ஒரே மொழி தங்களுடையதுதான் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதுண்டு. மொழிப்பெருமையில் நமக்கும் அண்ணன்மார் இருக்கிறார்கள்! 1986-இல் அங்குள்ள பியர் ஆலைகள் கூடி உடன்படிக்கை செய்துகொண்டன: கொலோனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் காய்ச்சுவதற்கு மட்டுமே அப்பெயர் உரியது. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியமும் அதற்குப் பாதுகாப்பளித்தது.

கோல்ஷ் ஊற்றும் கண்ணாடிக் குவளை ஒல்லியானது. 200 மில்லிதான் கொள்ளும். கம்பு என்று பொருள்படும் 'ஸ்டாங்கெ' என்பது அதன் பெயர். முதலில் எனக்கு அது கஞ்சத்தனமாகத் தோன்றியது. ஆனால் ஊற்றிவைத்த கோல்ஷ் விரைவில் நுரையடங்கிச் சப்பிட்டுவிடும். சிறிய அளவுதான் அதற்குச் சரி. நீலநிற மேலங்கியணிந்த 'கோபெஸ்' என்னும் பரிசாரகர், குவளை காலியானதும் கேளாமலே அடுத்ததை வைத்து, அடியிலிருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார். போதுமென்றால் வாய்திறக்கத் தேவையில்லை. அட்டையை எடுத்துக் குவளைமேல் மூடினால் ஆயிற்று. கோபெஸ்களின் கடுகடுப்பு பிரசித்தம். தண்ணீர் கேட்டவரிடம், சோப்பும் துண்டும் வேண்டுமா என்று கேட்பார்களாம். (அங்கே 'அரைச் சேவல்' என்றொரு பண்டம் உண்டு. சைவரான நண்பர் பல வாரங்கள் அதைத் தீண்டவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது 'ரை' தானிய ரொட்டியும் பாலாடைக் கட்டியும் மட்டுமே என்று.)

குடியை நான் இருட்டோடு சேர்த்தே அறிந்திருந்தேன்: பச்சைத் திரை, நின்றபடி விழுங்கல், வாயைக் கழுவிக்கொண்டு வீடு திரும்பல். இங்கே நல்ல வெளிச்சத்தில், நீண்ட மரமேசையில், பேத்தியோடு வந்த பாட்டி ஒரு குவளையை அரைமணி நேரம் அருந்தினார். அந்நியனான எனக்கு நகர்ந்து இடம்கொடுத்தார். ஆறு மாதங்களில் அலுவலகத்துக்கு வெளியே என்னோடு முதலில் பேசியவர்கள் அம்மேசைக்காரர்கள்தாம். ஓர் ஊரின் பியரை அந்த ஊரில், அந்த ஊர்க்காரர்கள் நடுவில் அருந்துவது அதன் மொழியில் நான்கு சொற்கள் கற்பதற்கு ஒப்பானது என்பது என் கட்சி. அதே கோல்ஷைப் புட்டியில் அடைத்து வேறோர் ஊரில் தந்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

ஒருநாள் மேசையிலிருந்த முதியவர் கேட்டார்: "உங்கள் ஊர்ப் பானம் எது?"

என்ன சொல்ல? எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே சுவையில் கிடைக்கும் ஆலைப் புட்டிகளையா? கள் என்றேன். பனையிலும் தென்னையிலும் பாளை சீவி இறக்குவது. காலையில் இனிப்பாக இருப்பது மாலைக்குள் புளித்துவிடும். கோல்ஷைப் போலவே பயணம் தாங்காதது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அதியமான் இறந்தபோது, அவன் பகிர்ந்தளித்த கள்ளையும் நினைத்து ஔவை அழுதாள் என்பதையும் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிவைத்தேன். 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை, புட்டிக்குத் தடையில்லை என்பதை விளக்கத்தான் நெடுநேரம் பிடித்தது. சித்தப்பாவைக் கொண்டுபோனது புட்டிதான். கள்ளாயிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆயினும் அந்த ஏற்பாட்டின் நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"அப்படியானால் அதை எங்கே குடிப்பீர்கள்?" என்றார்.

"பக்கத்து மாநிலமான கேரளத்தில்."

அவர் முகம் இருண்டது. நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள டுஸ்ஸல்டார்ஃபில் 'ஆல்ட்' என்னும் கருஞ்செந்நிறப் பியர் அருந்துகிறார்கள். இரண்டு ஊர்களுக்கும் அதில் தீராப் பகை. "டுஸ்ஸல்டார்ஃபுக்குப் போய்த்தான் குடிக்கவேண்டும் என்கிற மாதிரியா?" என்று கேட்டு, என் தோளைத் தட்டினார். கோபெஸ் வந்துகொண்டிருந்தார். நான் அட்டையை எடுத்துக் குவளையை மூடினேன்.