குழந்தை வளர்ப்பும் உயர்நிலைப் பாடசாலையும்

தச்சுத் தொழில் பயில்வோனுக்கு உளி பிடிக்கக் கற்பிக்கின்றோம். வண்டி ஓட்டுவோனைச் சோதித்த பின்னரே அனுமதிச் சீட்டு வழங்குகின்றோம். மருந்து கலப்போர்க்குப் பல்லாண்டுப் பயிற்சி விதித்திருக்கின்றோம். ஆயின், மானிட உயிரொன்றைக் கையிலேந்தி வளர்த்து ஆளாக்கும் பெருந்தொழிலுக்கு மாத்திரம் யாதொரு பயிற்சியும் வேண்டுவதில்லை என்று நம்மவர் கருதியிருத்தல் வியக்கத்தக்கதன்றோ? உயர்நிலைப் பாடசாலை மாணவன் ஒருவன் இயற்கணிதச் சமன்பாடுகளை எளிதில் தீர்ப்பான். அயல்நாட்டு ஆறுகளின் பெயர்களை வரிசையாய் ஒப்புவிப்பான். பிறந்த சிசுவின் தலையை எவ்வாறு தாங்குவது என்று வினவினாலோ வாய் திறவான். அவனே சில ஆண்டுகளில் ஒரு குழந்தைக்குத் தந்தையாகப் போகின்றான். ஆதலின், குழந்தை வளர்ப்பும் இளங்குழந்தைகளின் வளர்ச்சியியல்பும் நம் உயர்நிலைப் பாடசாலைகளில் ஆண் பெண் இருபாலார்க்கும் கற்பிக்கப்படல் வேண்டும் என்பதே யாம் ஈண்டு வற்புறுத்த விழைவது.

"நம் பாட்டிமார் எந்தப் பாடசாலையில் இதனைக் கற்றனர்? தாய்மையுள்ளம் தானே வழிகாட்டாதோ?" என்று சிலர் வினவுவர். பாட்டிமாரும் கற்றனர் என்பதே எம் விடை. அவர்கட்கு வீடே பாடசாலையாயிருந்தது. தம்பி தங்கையரை இடுப்பில் சுமந்தும், அக்காளின் பிள்ளைக்குக் கால்மேற் கிடத்தி நீராட்டியும், தாலாட்டியும், சோறு பிசைந்து ஊட்டியும், தாமொரு பிள்ளை பெறுமுன்னரே அவர்கள் பயிற்சி பெற்றுவிட்டனர். இன்றோ ஒன்றிரண்டு பிள்ளைகளுள்ள சிறு குடும்பங்களே மிகுதி. தம் முதற் குழந்தையே தாம் கையிலேந்திய முதற் குழந்தையாய் இருக்கும் பெற்றோர் பலராயினர். அப்பழைய பாடசாலை மூடப்பட்டது. அதன் இடத்தில் வேறொன்றை நாம் திறந்தோமில்லை.

அன்றியும், அவ்வீட்டுப் பாடசாலையில் நெல்லோடு பதரும் கலந்திருந்தது. குழந்தையோடு இடைவிடாது பேசுதலும் பாடுதலும் நெல். பிறந்தவுடன் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சி எறிந்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாவில் தடவுதலும், பேதி கண்ட குழந்தைக்குத் தண்ணீரை நிறுத்துதலும் பதர். இவற்றைப் பிரித்தறியும் அறிவு இயற்கையுணர்ச்சியால் வருவதன்று, கல்வியால் வருவது.

இக்காலத்து ஆராய்ச்சியாளர் இவ்விஷயத்தில் தெளிந்துரைப்பன பல. பிறக்கும்போது சிசுவின் மூளை முதிர்ந்தோர் மூளையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கேயாம். முதலாண்டுக்குள் அது ஏறத்தாழ இருமடங்காகிறது. மூளை வளர்ச்சியில் 100க்கு 85 பங்குக்கு மேல் 6 வயதுக்கு முன்னரே நிகழ்ந்துவிடுகிறதென 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் குறிப்பிடுகின்றது. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும்; அதன்பின் தாய்ப்பாலோடு பிற உணவும் தொடங்கல் வேண்டும்; 2 வயது நிரம்பாக் குழந்தைக்குக் கைப்பேசித் திரை கூடாது என்பன உலக சுகாதார நிறுவனத்தார் கூறும் நெறிகள். இவை கடினமான தத்துவங்கள் அல்ல. எனினும், 2019–21 ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு, நம் தேசத்தில் 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் 100க்கு 64 பேரே தாய்ப்பால் மாத்திரம் பெறுகின்றனர் என்றும், 6 மாதம் முதல் 2 வயது வரையுள்ளோருள் 100க்கு 11 பேரே போதிய உணவு பெறுகின்றனர் என்றும் காட்டிற்று. வறுமை இதற்கொரு காரணமென்பதை யாம் மறுக்கவில்லை. அறியாமையும் ஒரு காரணம் என்பதைப் பிறரும் மறுத்தல் இயலாது.

எளிய அறிவு சாமானியர் கைக்கு வந்தால் விளையும் நன்மையை 1971ஆம் ஆண்டு வங்காளத்தில் உலகம் கண்டது. எல்லையோர அகதி முகாமில் வாந்திபேதி பரவி, நரம்பு வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹலநபிஸ் என்பார் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கலங்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரைக் கொண்டே புகட்டச் செய்தார். அம்முறையால் சிகிச்சை பெற்றோருள் இறந்தோர் 100க்கு 4 பேருக்கும் குறைவு. ஆண்டுதோறும் பேதியால் மாளும் இளங்குழந்தைகளுக்கு இன்றும் அந்நீரே உயிர்மருந்து. சுத்தமான ஒரு லிட்டர் நீரில் மட்டமாக அளந்த 6 தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கவேண்டும் என்பதைக் கற்பிக்க ஒரு பாடவேளையும் வேண்டா. அதனை அறியாத வீட்டில் ஒரு குழந்தை மாண்டால், அவ்வீட்டார் பத்தாண்டு கற்ற கல்வியால் அதற்கு விளைந்த பயன் யாது?

"இப்பருவத்தினர்க்கு இப்பாடம் தகாது, வேண்டாத எண்ணங்களைக் கிளப்பும்" என்பது மற்றோர் ஆட்சேபம். இதனை எளிதாகத் தள்ளிவிடலாகாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 57 பாடசாலைகளில் ஒரு சோதனை நிகழ்ந்தது. 13 முதல் 15 வயதுள்ள மாணவியருள் ஒரு பகுதியாரிடம் இயந்திரத்தால் அழும் பொம்மையொன்றை வாரவிறுதியில் வளர்க்கக் கொடுத்தனர். பிள்ளை வளர்ப்பின் தொல்லை கண்டு இளவயதிற் கருவுறுதலை அஞ்சி விலக்குவர் என்பது கருத்து. 2016ஆம் ஆண்டு வெளியான முடிவோ மாறாயிருந்தது. பொம்மை வளர்த்தோருள் 100க்கு 8 பேரும், வளர்க்காதோருள் 100க்கு 4 பேரும் 20 வயதுக்குள் தாயராயினர். இதனை ஆட்சேபிப்போர் தமக்குச் சான்றாகக் காட்டக்கூடும். ஆயின், அப்பாடத்தின் நோக்கம் அச்சுறுத்தல். யாம் வேண்டுவது அறிவுறுத்தல். பொம்மை வளர்வதில்லை, முகம் பார்த்துச் சிரிப்பதில்லை. குழந்தையின் இயல்பை அறியக் குழந்தையையே காணல் வேண்டும்.

கனடா தேசத்து டொராண்டோ நகரில் 1996ஆம் ஆண்டு மேரி கார்டன் அம்மையார் தொடங்கிய முறை இதற்கு நல்ல வழிகாட்டி. அக்கம்பக்கத்துக் கைக்குழந்தையொன்றைப் பெற்றோர் பள்ளியாண்டு முழுவதும் அவ்வப்போது வகுப்புக்குக் கொணர்வர். பச்சைக் கம்பளியின்மேல் கிடக்கும் அதனைச் சூழ்ந்திருந்து, அது கவிழ்வதையும் அமர்வதையும், அழுகையின் காரணத்தையும் மாணாக்கர் நோக்கிக் கற்பர். அம்முறை பெரிதும் சிறுவகுப்புகளுக்குரியது. ஆயினும் உயர்வகுப்புகட்கும் அது பொருந்தும்.

நமக்கு அத்தகைய வாய்ப்பு அருகிலேயே உளது. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய திட்டத்தின் வழியே எழுந்த அங்கன்வாடிகள் தமிழ்நாட்டில் 54,000க்கு மேற்பட்டுள்ளன. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்துவோர் உளராதலின், ஒன்பதாம் வகுப்பே இப்பாடத்துக்கு ஏற்றது. வாரம் ஒரு பாடவேளை போதும். மாதம் ஒருமுறை சிறு சிறு குழுவாக மாணாக்கர் அங்கன்வாடிக்குச் சென்று, எடை பார்த்தலையும் உணவூட்டலையும் கண்டு, குழந்தைகட்குக் கதை சொல்லி வரலாம். அங்குள்ள பணியாளர்க்கு இது பாரமாகாதவாறும், குழந்தைகள் காட்சிப் பொருள் ஆகாதவாறும் ஆசிரியர் உடனிருத்தல் அவசியம். இதற்குப் பரீட்சை வேண்டா; பரீட்சை வைத்தால் இதுவும் மனப்பாடமாய் முடியும்.

மாணவர்க்கும் இது உரியதென்பதை மீண்டும் கூறுகின்றோம். மனையியல் என்னும் பாடம் நம்மிடையே பெரும்பாலும் பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆயின், நள்ளிரவில் ஓயாதழும் சிசுவைச் சினத்தால் பிடித்து உலுக்கினால் அதன் மூளையில் இரத்தம் கசிந்து உயிர் போகவும் கூடும் என்பதைத் தந்தையும் அறிந்திருத்தல் வேண்டாவோ? 3 மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் விடியும்வரை காத்திராது மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும் என்பதைத் தாய் ஒருத்தியே அறிந்திருந்து, செலவுக்கும் வண்டிக்கும் கணவனின் சம்மதத்தை எதிர்நோக்கி நிற்றல் முறையாமோ?

மாணவ நேயர்களே! நம் கல்லூரியினின்று செல்வோருட் பலர் ஆண்டுதோறும் பாடசாலை ஆசிரியராகின்றனர். அரசாங்கத்தார் பாடத்திட்டம் வகுக்கும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டுவதில்லை. தலைமையாசிரியரின் இசைவும், அண்டையிலுள்ள அங்கன்வாடியாரின் அன்பும் இருப்பின் இப்பணியைத் தொடங்கிவிடலாம். சீடர் விலக்கிய சிறு பிள்ளைகளை அருகழைத்து அணைத்துக்கொண்ட பெருமானின் பெயரால் நிறுவப்பட்டது நம் கல்லூரி. அப்பிள்ளைகளை எவ்வாறு ஏந்துவது என்பதை அறியாத பட்டதாரிகளை அது வெளியே அனுப்புதல் தகாது என்பது எம் துணிபு.