வாத்தியார் வரட்டும்

ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறந்ததும் கல்வித்துறை ஒரு கணக்கு எடுக்கிறது: எந்தத் தொடக்கப் பள்ளியில் பத்துப் பிள்ளைகளுக்கும் குறைவு, எதில் ஒருவருமே இல்லை என்று. 2019இல் ஒரு பிள்ளையும் சேராத 46 பள்ளிகள் மூடப்பட்டு நூலகங்களாயின. பத்துப் பேருக்கும் குறைவான பிள்ளைகளோடு அப்போதே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இருந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த அரசாணை 145, தொடக்க, நடுநிலைப் பள்ளிகளைப் பக்கத்திலிருக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரின் மேற்பார்வைக்குக் கொண்டுபோனது. 2025இல் மறுபடியும் இருநூறுக்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகள் சேர்க்கை இல்லையென்று மூடப்பட்டன. நடுவில் ஆட்சி மாறியிருக்கிறது. கணக்கு எடுக்கும் முறை மாறவில்லை.

மூடுவதாக யாரும் சொல்வதில்லை. ‘இணைப்பு’ என்பார்கள், ‘ஒரே வளாகம்’ என்பார்கள். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்தப் பேச்சு அடிபடும்போதெல்லாம் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: “எம்புள்ள அவ்ளோ தூரம் எப்படிப் போவும்?” கூட்டங்களில் இந்தக் கேள்வியை உணர்ச்சிவசப்பட்ட பேச்சென்று ஒதுக்கிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறார்கள். இந்த இதழின் நிலைப்பாட்டில், மொத்த விவகாரத்திலும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அதுவே.

தூரம் என்பது இந்த மண்ணில் என்ன செய்யும் என்பதற்குத் தறியே சாட்சி. காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. சேலையின் உடலும் கரையும் வேறுவேறு நிறத்தில், தனித்தனி நாடாவில் ஓடி, இழைக்கு இழை கோத்துக்கொள்ளும். ஒருவர் இரண்டு கைகளால் இதைச் செய்ய முடியாது. மறுகரைக்கு நாடா போட்டுத் தரத் தறியருகே இன்னோர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெரியவர் கூலி கொடுத்தால் நெசவாளிக்குக் கட்டுப்படியாகாது. அதனால் தலைமுறை தலைமுறையாக அந்த இடத்தில் உட்கார்ந்தது வீட்டுப் பிள்ளை. இல்லையென்றால், முன்பணம் வாங்கிய இன்னொரு வீட்டுப் பிள்ளை. 2003இல் இந்தியப் பட்டுத்தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. பிறகு பிள்ளைகள் தறியைவிட்டு எழுந்தார்கள். சட்டம், சோதனைகள், தொண்டு நிறுவனங்கள், சிறப்புப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் எழுந்த பிள்ளை போய் உட்காரத் தெருக்கோடியில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. மதியம் அங்கே சோறு கிடைத்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்திருந்தால் எத்தனை பேர் திரும்பத் தறிக்கே போயிருப்பார்கள் என்பதை அய்யம்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ வயதான நெசவாளர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பள்ளியும் பரம்பரைத் தொழிலும் எதிரெதிரே நின்ற அரசியல் வரலாறும் நமக்கு உண்டு. 1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் அரைநாள் படிப்பு, மிச்ச நேரம் பெற்றோர் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டமென்று பெயரிட்டு அதை எதிர்த்தவர்களில் முன்வரிசையில் நின்றவர் காஞ்சிபுரத்துக்காரரான அண்ணா. 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். அதன்பின் நடந்ததை அந்தக் காலத்துப் பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் ‘நினைவு அலைகள்’ விரிவாகச் சொல்கிறது. அவர் பெயரிலுள்ள ‘நெ’ நெய்யாடுபாக்கம். இந்த வட்டாரத்துக் கிராமம்தான். பள்ளி இல்லாத ஊர்களைத் தேடித் தேடிப் பள்ளி திறந்தார்கள். 1956இல் மதிய உணவு வந்தது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் நிலம் கொடுத்தார்கள், பெஞ்சு கொடுத்தார்கள், கரும்பலகையும் கடிகாரமும் வாங்கித் தந்தார்கள். அரசுப் பள்ளி என்று நாம் சொல்லும் கட்டடங்கள் பலவற்றில் ஊரின் சொந்தப் பணமும் உழைப்பும் கிடக்கின்றன. அவற்றை எடுக்கவோ பூட்டவோ முடிவு செய்யும்போது அந்த ஊரைக் கேட்காமலிருப்பது நியாயமாகாது.

இன்று பெற்றோர் சொல்லும் காரணங்களைப் பொறுமையாகக் கேட்போம். தறி குறைந்துவிட்டது. நெசவாளர் வீட்டு இளம் தாய் தகப்பன்மார் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குப் போகிறார்கள். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. பெரியவர்களை நாற்பது கிலோமீட்டர் ஏற்றிப்போக வண்டி வருகிற ஊரில், ஆறு வயதுப் பிள்ளையை இரண்டு கிலோமீட்டர் கூட்டிப்போக ஆளில்லை. பாட்டியால் தெருக்கோடி வரைக்கும் நடக்க முடியும். நெடுஞ்சாலையைக் கடக்க முடியாது. உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்துச் சாலைகளில் கல்குவாரி லாரிகள் எப்படி ஓடுகின்றன என்பது அந்தப் பக்கம் இரு சக்கர வண்டியில் போன எவருக்கும் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரிக்கரைப் பாதையும் ஓடைத் தரைப்பாலமும் தண்ணீருக்குள் போய்விடும். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்த ஒரு கிலோமீட்டர், மழைக்காலத்தில் மூன்றாகிவிடுகிறது.

காலை உணவும் இதில் சேர்கிறது. 2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தொடங்கிய அந்தத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அண்மைக் காலத்தில் எந்த அரசும் செய்த மிகச் சிறந்த காரியங்களில் ஒன்று அது. ஆனால் முதல் மணி அடிப்பதற்குள் பள்ளியில் இருக்கும் பிள்ளைக்குத்தான் அந்த உப்புமா. பள்ளி தள்ளிப்போனால், வண்டிக்குக் காத்து நின்று தாமதமாக வரும் பிள்ளை எதை இழக்கும் என்பதை இணைப்புத் திட்டம் போடுகிறவர்கள் ஒரு வரியிலாவது எழுதியிருக்க வேண்டாமா?

வேன் விடுவோம், பயணப்படி தருவோம் என்கிறார்கள். நல்லது. அந்தப் பணம் பெரும்பாலும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலிருந்து வர வேண்டியது. தேசியக் கல்விக் கொள்கையோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக 2024–25க்கான அந்த நிதியில் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தரவில்லை என்று தமிழ்நாடு அரசே உச்ச நீதிமன்றம் வரை போனது. தில்லியும் சென்னையும் வழக்காடும்போது முதலில் நிற்பது இந்த வேன்தான். கட்டிய பள்ளியை எந்த நிதி முடக்கமும் ஒரே நாளில் தூக்கிப்போக முடியாது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியர் இருக்கும் பள்ளி நல்ல பள்ளியாக இருப்பது கடினம். அவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போகும் நாளில் படிப்பே இல்லை. மிச்ச நாளிலும் பாதி நேரம் கைபேசியில் வருகையையும் புள்ளிவிவரத்தையும் ஏற்றுவதில் கழிகிறது. ஏழெட்டுப் பேர் மட்டும் இருக்கும் இடத்தில் கபடி ஆட இரண்டு அணி சேராது. பெற்றோர் தனியார் பள்ளி வேனைத் தேடிப் போனதற்கு இதுவும் காரணம். இன்னொரு காரணம், கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்துக்கு அரசே கட்டணம் செலுத்திப் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்புகிற ஏற்பாடு. ஒரு கையால் பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு, மறுகையால் இங்கே எண்ணிக்கை குறைந்ததென்று எழுதுகிறோம். தேசியக் கல்விக் கொள்கையே தரும் கணக்கின்படி 2016–17இல் நாட்டில் ஓராசிரியர் பள்ளிகள் ஒரு லட்சத்து எட்டாயிரத்துக்கும் மேல். சிறிய பள்ளியின் பலவீனங்கள் உண்மையானவை. அவற்றுக்கு மருந்து பிள்ளையை இடம்பெயர்ப்பதா என்பதில்தான் நாம் முரண்படுகிறோம்.

இணைப்புக்கு ஆதரவான வாதங்களில் நாம் மிக மதிப்பது சாதி பற்றியது. ஊருக்கு ஒரு பள்ளி, சேரிக்கு ஒரு பள்ளி என்று பிரிந்து கிடப்பதை ஒரே வளாகம் உடைக்கும் என்பார்கள். உடைத்தால் அதைவிட மகிழ்ச்சி நமக்கில்லை. நடைமுறையில் பெரும்பாலும் மூடப்படுவது எந்தப் பக்கத்துப் பள்ளி, நடப்பது எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று பாருங்கள். சேரிப் பள்ளிக்கு ஊர்ப் பிள்ளைகளை அனுப்ப மறுத்ததால் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளும் உண்டு. பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைச் சாப்பிட வேண்டாமென்று பிள்ளைகளைத் தடுத்த சம்பவங்கள் 2023இலும் நடந்தன. அந்த மறுப்புக்கு அரசு தரும் பரிசாக இணைப்பு ஆகிவிடக் கூடாது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறையின் கீழ் கொண்டுவருவதாக 2023 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தபோது எழுந்த அச்சமும் இதுதான். ஒரே வளாகம் வரட்டும். அது சேரியின் பள்ளிக்கூடமாக இருக்கட்டும், ஊர்ப் பிள்ளைகள் அங்கே நடந்து வரட்டும். அப்படி ஓர் ஆணை வருமென்றால் இந்தத் தலையங்கத்தில் பாதியை நாமே திரும்பப் பெற்றுக்கொள்வோம்.

உத்தரப் பிரதேசத்தில் 2025 ஜூன் 16 அன்று, ஐம்பதுக்கும் குறைவான பிள்ளைகள் உள்ள பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்க ஆணை வந்தது. சீதாபூர்ப் பிள்ளைகள் பெயரில் வழக்குப் போட்டார்கள். தனி நீதிபதி தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் அந்த மாவட்டத்தில் இருந்த நிலையே தொடர வேண்டுமென்று இடைக்கால உத்தரவு வந்தது. ஜூலை முடிவதற்குள், ஒரு கிலோமீட்டருக்கு மேல் தூரமுள்ள பள்ளிகளை இணைக்க மாட்டோம் என்று அரசே இறங்கி வந்தது. பெற்றோர் கேட்டது அந்த ஒரு கிலோமீட்டரைத்தான். கட்டாயக் கல்விச் சட்டத்தின் விதிகள் தொடக்கப் பள்ளிக்கு வகுத்திருப்பதும் அதே தூரம்தான். ஸ்காட்லாந்தில் 2010இலிருந்து இதற்கென்றே சட்டம் இருக்கிறது. கிராமப்புறப் பள்ளியை மூடும் எண்ணம் வந்தால், வேறு வழிகள் என்னென்ன, ஊருக்கு என்ன ஆகும், பிள்ளைகளின் பயணம் எப்படி மாறும் என்று உள்ளாட்சி எழுதிக் காட்டி மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். மூட வேண்டாமென்று முடிவானால் அந்தப் பள்ளியை ஐந்தாண்டுக்குத் தொடக் கூடாது என்று 2014இல் திருத்தமும் செய்தார்கள். நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் 2019இல் நூலகமாக்கப்பட்ட பள்ளியை, ஊர்க்காரர்கள் பிள்ளைகளைச் சேர்த்து மறுபடி திறக்க வைத்தார்கள். ஊரை முன்பே கேட்டிருந்தால் பூட்டே தேவைப்பட்டிருக்காது.

சரி, மாற்று என்ன? காஞ்சியின் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களைப் பாருங்கள். அவை தறிகளையெல்லாம் பிடுங்கி ஒரே கொட்டகையில் கொண்டுவந்து போடவில்லை. பட்டு நூலும் ஜரிகையும் உறுப்பினர் வீட்டுக்குப் போகின்றன. நெய்த சேலை சங்கத்துக்கு வருகிறது. பள்ளிகளுக்கும் இதைச் செய்யலாம். நான்கு சிறிய பள்ளிகளைக் காகிதத்தில் ஒரு குழுவாக்குங்கள். பிள்ளைகள் அவரவர் ஊரில் இருக்கட்டும். ஒரு பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்ற சட்ட அளவைக் குறைக்காமல், அதற்கு மேல் குழுவுக்கென்று ஆங்கிலத்துக்கு ஒருவர், விளையாட்டுக்கு ஒருவர், விடுப்பு எடுப்பவரின் இடத்தில் நிற்க ஒருவர் என்று நியமியுங்கள். அவர்கள் நாளுக்கு ஒரு பள்ளியாக வரட்டும். ஆசிரியர்களில் பலர் இப்போதே காஞ்சிபுரம் நகரத்திலிருந்து தினமும் வண்டியில் வந்துபோகிறவர்கள்தான். வெள்ளிக்கிழமைதோறும் நான்கு பள்ளிப் பிள்ளைகளையும் ஒரே வேனில் ஏற்றி ஒரே மைதானத்துக்குக் கொண்டுபோங்கள். கபடிக்கு இரண்டு அணி தாராளமாகச் சேரும், ஊரும் சேரியும் ஒரே களத்தில் நிற்கும். பள்ளி வளாகம் என்ற யோசனை கோத்தாரி ஆணையத்தின் காலத்திலிருந்து, 1966 முதலே, இருக்கிறது. வளங்களைப் பகிர்வதற்காகச் சொன்னதைப் பள்ளிகளைக் குறைக்கும் வழியாக்கியது பிற்காலத்து வேலை.

பல வகுப்புகள் ஓர் அறையில் இருப்பதும் குறையாகவே இருக்க வேண்டியதில்லை. 2003இல் எம். பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, ரிஷிவேலியின் ஒரு கிராமப் பள்ளி முறையைப் பார்த்து வந்து செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். 2007–08இல் அது மாநிலத்தின் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. பாயில் உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, அவரவர் வேகத்தில் படி ஏறும் பிள்ளைகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்தார்கள். இப்போதைய எண்ணும் எழுத்தும் திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகத்தான் பிரிக்கிறது. சின்னப் பள்ளிக்கு ஏற்ற முறைகளை உருவாக்கி உலகுக்குக் காட்டியவர்கள் நாம். பிறகு சின்னப் பள்ளியையே சுமை என்கிறோம்.

ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுப்பதைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டை மேடைதோறும் பேசாத அரசியல்வாதி கிடையாது. பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டியது. நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்க்கு மட்டுமே இடம் தந்த சபை அது. இன்றைய கிராம சபை அப்படி இல்லை. நெசவாளிக்கும் கூலிக்காரிக்கும் அதில் கை தூக்க உரிமை உண்டு. ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இவ்வளவும் இருந்தும், தன் தெருப் பள்ளி இணைக்கப்படுகிற செய்தியைப் பெற்றோர் ஜூன் மாதம் பூட்டிய கதவைப் பார்த்துத் தெரிந்துகொள்வது எந்த ஊருக்கும் நேரக் கூடாது.

எனவே மாவட்ட நிர்வாகத்தை ஒன்று கேட்கிறோம். காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர், ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் ஆகிய ஐந்து ஒன்றியங்களிலும் இருபது பிள்ளைகளுக்கும் குறைவான தொடக்கப் பள்ளிகளின் பட்டியலை வெளியிடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இருக்கும் ஆசிரியர் எத்தனை, காலியிடம் எத்தனை, அந்த ஊரிலிருந்து தனியார் வேனில் போகும் பிள்ளைகள் எத்தனை, அடுத்த பள்ளிக்குப் பிள்ளையின் காலால் நடந்து அளந்த தூரம் எவ்வளவு, நடுவில் என்ன சாலை, என்ன ஓடை என்று எழுதுங்கள். அதை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டி, அடுத்த கிராம சபையில் பொருளாக வையுங்கள். அந்தத் தீர்மானம் பதிவேட்டில் ஏறும்வரை எந்தப் பள்ளியின் சாவியும் கைமாறக் கூடாது.