தேங்காயும் ஹெல்மெட்டும்

போன வாரம் தோப்புல தேங்காய் வெட்டு. மரம் ஒவ்வொண்ணும் ஐம்பது அறுபது அடி. உழுது போட்ட மண்ணில் விழுந்த காய்கள் சின்னதா ஒரு குழி பறிச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டன. களத்து ஓரத்து மரத்துக் காய்கள் சிமெண்ட் தளத்தில் விழுந்ததில் ரெண்டு மூணு ஓடு விரிஞ்சு தண்ணி கசிஞ்சிடுச்சு. ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே எடை. கீழே வந்து சேர்ந்த சக்தியும் ஒன்றுதான். மண்ணில் அது குழி பறிக்கச் செலவானது. சிமெண்ட் இடம் கொடுக்கவில்லை, காயையே உடைத்துவிட்டது.

ஆற்றலை அழிக்க முடியாது, வேறொன்றாக மாறத்தான் செய்யும் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். இரும்பு ஆப்பு வைத்து விறகு பிளந்த கையோடு அதன் தலையைத் தொட்டுப் பாருங்க, சுடும். சம்மட்டியின் வேகம்தான் சூடா மாறியிருக்கு. எந்த மோதலிலும் அப்படித்தான். வேகம் நின்றுபோகும், சக்தி சூடாகவோ, சத்தமாகவோ, நசுங்கலாகவோ, உடைசலாகவோ மாறியே தீரும்.

இதை ஏன் எழுதறேன்னா, போன மாசம் எங்க சித்தப்பா பையன் வயலுக்குப் போற வழியில குறுக்கே வந்த மாட்டுல பைக்கை விட்டுட்டான். தலை போய் ரோட்டோரக் கல்லில் பட்டுச்சு. 14 தையல். ஹெல்மெட் வண்டிக் கைப்பிடியில் தொங்கியது. அதுல ஒரு கீறல்கூட இல்லை.

"மெதுவாத்தாண்ணே வந்தேன், நாப்பதுதான்" என்றான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் நேராகச் சுவரில் மோதுவதும் 20 அடி உயரத்திலிருந்து விழுவதும் ஒன்றுதான். 60 என்றால் 45 அடி. 80 என்றால் 80 அடிக்கும் மேலே, அதாவது நம்ம தென்னை மரத்தையும் தாண்டி. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்காகிவிடும். 20 அடி வேப்பமரத்திலிருந்து தலைகீழா குதிடான்னா எவனாவது குதிப்பானா?

ஹெல்மெட்டுக்குள்ளே வெள்ளையா தெர்மாகோல் மாதிரி ஒன்று இருக்கிறதே, அதுதான் நமக்கு உழுத மண். அடி விழும்போது அது நசுங்கும். மண்டைக்குப் போக வேண்டிய சக்தியில் பெரும்பங்கு அந்த நசுங்கலில் தீர்ந்துவிடும். ஒரு தடவை நசுங்கியது பழையபடி எழும்பாது. அதனால பலமா அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே நல்லா தெரிஞ்சாலும், தூக்கிப் போட்டுடுங்க. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்க. வாரையும் இறுக்கி மாட்டுங்க, இல்லேன்னா தலைக்கு முன்னாடி அது கழண்டு ஓடிடும்.

போலீஸ் நிற்கிற ரோட்டுக்கு மட்டும்தான் ஹெல்மெட் என்பது நம்ம ஊர்ப் பழக்கம். போலீஸ் இல்லாத ரோட்டிலும் மாடு குறுக்கே வருது, கல்லு கல்லாத்தான் இருக்கு. வயல் 2 கிலோமீட்டர்தானேன்னு இத்தனை வருஷம் வெறுந்தலையோடு போனவன்தான் நானும். அந்த 14 தையலைப் பார்த்ததிலிருந்து மம்பட்டியோடு ஹெல்மெட்டையும் எடுத்துக்கிட்டுத்தான் கிளம்பறேன். பார்க்கிறவங்க சிரிக்கிறாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்.