"கல்யாணம் ஆயிடுச்சா?" என்ற கேள்வியின் விலை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. "அக்கா, ஒரு மாத்திரை வேணும். எந்தக் கடையில கேட்டாலும் இல்லைங்கிறாங்க."

பேசியவள் சென்னையில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கை. ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கியிருக்கிறாள். அவள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். முந்தின நாள் ஆணுறை கிழிந்துவிட்டது. 72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரை போட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது என்பதெல்லாம் அவளுக்கே தெரிந்திருந்தது. 'நம்ம பிள்ளைகளுக்கு விழிப்புணர்வு போதாது' என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும். தெரிந்திருந்தும் மாத்திரை கிடைக்கவில்லை.

இருவரும் நான்கு மருந்துக் கடை ஏறி இறங்கினோம். முதல் கடையில் தலையை மட்டும் ஆட்டினார்கள். இரண்டாவது கடையில் டாக்டர் சீட்டு கேட்டார்கள். மூன்றாவது கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அந்த மாதிரி மாத்திரையெல்லாம் நாங்க வைக்கிறதில்லம்மா" என்று கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். நான்காவது கடையில் அவள் வாயே திறக்கவில்லை, நான்தான் கேட்டேன். அங்கும் இல்லை. கடைசியில் பெங்களூரில் வேலை செய்யும் தோழி ஒருத்தி அங்கே வாங்கி, ராத்திரி பஸ் ஏறி, திங்கள் விடியற்காலை கோயம்பேட்டில் கொண்டுவந்து கொடுத்தாள்.

மாத்திரையைப் போட்டுக்கொண்டு தங்கை கேட்டாள்: "பெங்களூர்ல ஃபிரெண்ட் இல்லாதவங்க என்னக்கா பண்ணுவாங்க?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காகத்தான்.

இல்லாத தடை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவசரக் கருத்தடை மாத்திரைக்குத் தமிழ்நாட்டில் தடை கிடையாது. நாடு முழுக்கச் செல்லும் விதிப்படி லெவோநார்ஜெஸ்ட்ரெல் மாத்திரையைச் சீட்டு இல்லாமலே விற்கலாம். அது கருவைக் கலைக்கும் மாத்திரையும் அல்ல, கரு உண்டாகாமல் தடுப்பது. ஆனாலும் பல ஆண்டுகளாகச் சென்னையில் பெரும்பாலான கடைகள் அதை வைப்பதில்லை. எழுதப்படாத தடைதான் இந்த ஊரில் மிக வலுவான தடை. டீக்கடையில் இரட்டைக் குவளை வைக்கச் சொல்லி எந்தச் சட்டம் சொன்னது?

இதில் பாதிக்கப்படுவது யார்? காசு உள்ள வீட்டுப் பெண்ணுக்கு ஒரு வழி இருக்கிறது. தனியார் மருத்துவமனையில் கன்சல்டிங் ஃபீஸ் கட்டினால் கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம். அவள் அந்தக் காசுக்கு வாங்குவது மருந்தை மட்டும் அல்ல, ரகசியத்தையும்தான். நம் வீட்டுப் பெண்ணுக்கு ரகசியம் கட்டுப்படியாகாத பொருள்.

இலவசத்துக்கும் விலை உண்டு

'அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம்தானே' என்று கேட்கலாம். உண்மைதான். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆணுறை இலவசம். தினசரி போடும் மாலா-என் மாத்திரை இலவசம். ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை இலவசம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி இலவசம். காப்பர்-டி இலவசம். இவையெல்லாம் அரசின் திட்டத்தில் உள்ளவை, நம் வரிப்பணத்தில் வருபவை.

அந்தத் திங்கட்கிழமையே அவளை அருகிலிருந்த ஓர் அரசு சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனேன். இனி இப்படி ஓடாமல் இருக்க ஏதாவது ஒரு முறையைத் தேர்ந்துகொள்ளலாம் என்ற எண்ணம். செவிலியர் கேட்ட முதல் கேள்வி, "கல்யாணம் ஆயிடுச்சா?" இரண்டாவது, "வீட்டுக்காரர் எங்க?" மூன்றாவது, "எந்த ஏரியா?" தங்கை ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பின் பெயரைச் சொன்னாள். அதுவரை 'வாங்க, உட்காருங்க' என்றிருந்த பேச்சு 'நீ' ஆகிவிட்டது. "உங்க ஏரியா பொண்ணுங்களே இப்படித்தான்" என்று ஒரு முணுமுணுப்பும் வந்தது. மாத்திரை அட்டை அங்கே மேஜை மேலேயே இருந்தது. அவள் வாங்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

அந்தச் செவிலியர் மீது எனக்குத் தனிக்கோபம் இல்லை. அவருக்கு வேலைப் பளு அதிகம், பயிற்சி குறைவு, சம்பளமும் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மூன்று கேள்விகளையும் சேர்த்துப் பாருங்கள். முதல் இரண்டும் ஆணாதிக்கம், மூன்றாவது சாதி. சென்னையில் யாரும் உங்களிடம் சாதி கேட்க மாட்டார்கள், ஏரியாதான் கேட்பார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று சொன்னால் போதும், பதில் கிடைத்துவிடும்.

அந்தக் குடியிருப்புகள் எப்படி வந்தன என்பது உங்களுக்குத் தெரியும். கூவம் கரையிலும் நகரின் நடுவிலும் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களைப் பெயர்த்துக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே அடுக்கிவைத்தார்கள். அப்படி அடுக்கப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். வீட்டை மாற்றியவர்கள் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையையோ, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியையோ கூடவே கொண்டுபோகவில்லை. பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்து 2021 முதல் இலவசம், நல்ல திட்டம். ஆனால் டிக்கெட்தான் இலவசம், நேரம் இலவசம் இல்லை. வீட்டு வேலைக்கோ துப்புரவு வேலைக்கோ போகும் பெண் ஓ.பி. வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பினால் அன்றைய கூலி போச்சு. 'மறுபடி வா' என்றால் இன்னொரு நாள் கூலியும் போச்சு.

அரசு வாரி வழங்கும் ஒன்று

இத்தனை கெடுபிடியும் தற்காலிகக் கருத்தடைக்குத்தான். நிரந்தரக் கருத்தடைக்கு வாசல் அகலமாகத் திறந்திருக்கிறது. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார். இத்தனைக்கும் ஆணுக்குச் செய்வதுதான் சின்ன அறுவை, செலவும் ஆபத்தும் குறைவு.

பிரசவம் முடிந்த கையோடு தன்னிடம் சொல்லாமலே காப்பர்-டி போட்டுவிட்டார்கள் என்று சொல்லும் பெண்களை நம் குடியிருப்புகளில் நான் சந்தித்திருக்கிறேன். 2014-இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் கருத்தடை முகாமில் அறுவை செய்துகொண்ட பெண்கள் பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். எல்லாரும் ஏழைகள், தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பெண்கள். 2016-இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த முகாம் முறைக்கே முடிவுகட்டச் சொன்னது.

அதனால் 'குடும்பக் கட்டுப்பாடு' என்றாலே நம் மக்கள் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. எமர்ஜென்சிக் காலத்தில் யாரைப் பிடித்துக்கொண்டுபோய் அறுத்தார்கள் என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்தச் சந்தேகத்தைக் காரணம் காட்டிக் கருத்தடையையே ஒதுக்கிவைப்பது தவறு. அரசு நம் பிறப்பு எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது ஒன்று. ஒரு பெண் தன் உடம்பைத் தானே ஆள்வது வேறொன்று. முதலாவதை எதிர்ப்பதும் இரண்டாவதைக் கேட்பதும் ஒரே அரசியல்.

'இது மேட்டுக்குடிப் பிரச்சினை'யா?

தோழர்கள் சிலர் என்னிடம் சொன்னார்கள்: "வேங்கைவயல் தண்ணித்தொட்டியில மலம் கலக்குறான், ஆணவக்கொலை நடக்குது. நீங்க மாத்திரை, ஆணுறைன்னு பேசிக்கிட்டு இருக்கீங்க. இதெல்லாம் மேட்டுக்குடிப் பெண்ணியம்."

அவர்களுக்கு என் பதில் அண்ணல்தான். 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த ஆய்வுரையில் அவர் சொன்னது என்ன? சாதியின் உயிர்நாடி அகமணம். அந்த அகமணத்தைக் காக்கத்தான் சதியும், கட்டாய விதவைக்கோலமும், குழந்தைத் திருமணமும் வந்தன என்றார். அதாவது, பெண்ணின் உடம்புக்குப் பூட்டுப் போடாமல் சாதியைக் காப்பாற்ற முடியாது. 1934-இல் பாலியல் கல்வி பற்றி எழுதியதற்காக ஆர்.டி. கார்வே மீது ஆபாச வழக்குப் போட்டபோது, பம்பாயில் அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் அம்பேத்கர். வழக்கு தோற்றது, அவர் கருத்து மாறவில்லை. 1938 நவம்பர் 10 அன்று பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடைக்கு அரசு வசதி செய்து தர வேண்டும் என்ற தீர்மானத்தை அவர் கட்சியின் சார்பில் பி.ஜே. ரோஹம் முன்வைத்தார். சபை அதைத் தோற்கடித்தது.

நம் மண்ணில் பெரியாரும் இதைத்தான் சொன்னார். மற்றவர்கள் நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் குடும்பச் சொத்துக்காகவும் கருத்தடை வேண்டும் என்கிறார்கள், நாங்கள் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்றார்.

ஆணவக்கொலை பற்றி நாம் பேசுகிறோம். சாதி மாறிக் காதலிக்கும் ஜோடிக்கு, தயாராகாத நேரத்தில் உண்டாகும் கர்ப்பம் எவ்வளவு பெரிய ஆபத்து என்று யோசித்திருக்கிறோமா? அந்தப் பெண் யாரிடம் போவாள்? படிப்பு நின்றால் யாருடைய படிப்பு நிற்கும்? விடுதியிலிருந்து யார் பெட்டியோடு வெளியே அனுப்பப்படுவார்கள்?

உங்கள் கையில் இருக்க வேண்டியவை

இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தோழிகளுக்குச் சொல்லுங்கள்.

- கருக்கலைப்புச் சட்டம் 1971-இலிருந்தே இருக்கிறது. 2021 திருத்தத்தில் 'திருமணமான பெண்ணும் கணவனும்' என்றிருந்த இடம் 'பெண்ணும் அவள் இணையும்' என்று மாறியது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். சில நிலைகளில் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு செய்யலாம். அந்த 24 வார உரிமை மணமாகாத பெண்ணுக்கும் உண்டு என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.
- 18 வயது நிரம்பியிருந்தால் உங்கள் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்தையோ அப்பா கையெழுத்தையோ சட்டம் கேட்கவில்லை. உங்கள் பெயரை வெளியே சொல்வது குற்றம்.
- 18 வயதுக்குக் கீழே என்றால் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். போக்சோ சட்டப்படி மருத்துவர் தகவல் கொடுத்தாக வேண்டும். ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று அதே 2022 தீர்ப்பு சொல்கிறது. பயந்துகொண்டு யாரும் போலி மருத்துவரிடம் போகாதீர்கள். கலைப்பு மாத்திரையைத் தானாக வாங்கியும் போடாதீர்கள்.
- எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போகலாம். இலவசம், ரகசியம். 2017 சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது. தொலைபேசி உதவி எண் 1097.
- வெள்ளைப்படுதல், புண், எரிச்சல் என்று இருந்தால் பெரிய அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் சிகிச்சை உண்டு. பெரும்பாலானவை மருந்தில் குணமாகும். இணையும் சேர்ந்து சிகிச்சை எடுக்காவிட்டால் திரும்பவும் வரும்.
- மாத்திரை, ஊசி, காப்பர்-டி எதுவும் பால்வினை நோயைத் தடுக்காது. அதற்கு ஆணுறை வேண்டும். ஆண் தோழர்களே, அதை வாங்கி வைப்பது உங்கள் வேலை.

என்ன செய்யப் போகிறோம்?

அரசிடம் கேட்க வேண்டியவை நான்கு. அவசரக் கருத்தடை மாத்திரை ஒவ்வொரு மருந்துக் கடையிலும் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். கருத்தடை கேட்டு வருபவரிடம் கல்யாணம் பற்றியும் ஏரியா பற்றியும் கேட்பதை நிறுத்த வேண்டும். பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற இடங்களில் வேலை முடிந்து வரும் பெண்களுக்கு மாலை நேரத்தில் பெண் மருத்துவர் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் வார்டனைத் தாண்டாமல் ஆலோசனை கிடைக்க வழி வேண்டும்.

நம்மிடம் நாமே கேட்க வேண்டியது ஒன்று. ஏப்ரல் 14-க்கு மாலை போடுகிறோம், படிப்பு வட்டம் நடத்துகிறோம். அடுத்த வட்டத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், இதைப் பேசுவோமா? ஆண்களும் உட்காருங்கள், எழுந்து போகாதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயப்படும் தங்கைக்குத் துணையாக இரண்டு பேர் போவோம். 'கல்யாணம் ஆயிடுச்சா?' என்று கேட்டால், "அது சட்டத்துல கேக்கல மேடம்" என்று மரியாதையாகச் சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இருந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

அந்தத் தங்கை இப்போது மாதாமாதம் மாத்திரை வாங்குகிறாள். அடுத்த முறை நாங்கள் மூன்று பேராகப் போனோம். அட்டையை வாங்கிக்கொண்டுதான் வந்தோம்.

ஜெய்பீம்.